நாமம் போட்ட பூனை

மார்ச் மாதம் பிறந்தால் என் மேசைமேல் பூதக்கண்ணாடி ஏறிவிடும். கண் போய்விட்டது என்று வீட்டில் நினைக்கிறார்கள். கண் நன்றாகத்தான் இருக்கிறது. எழுத்துதான் எறும்பு சைஸ். பிப்ரவரி முடிந்த கையோடு வரும் முதல் இதழில் பத்திரிகைகள் தங்கள் ஜாதகத்தை அச்சிட்டாக வேண்டும் என்பது 1956இல் போட்ட விதி. 'படிவம் 4' என்று பெயர். அச்சிடுபவர் யார், வெளியிடுபவர் யார், ஆசிரியர் யார், மூலதனத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் பங்கு வைத்திருக்கும் மகானுபாவர்கள் யார் யார் என்று எல்லாம் அதில் இருக்கும். எங்கே இருக்கும்? டெண்டர் விளம்பரத்துக்கும் 'காணவில்லை' அறிவிப்புக்கும் நடுவில், கீழ்மூலையில், மடிப்பு விழுகிற இடத்தில். ஒரு நடிகை நாய்க்குட்டி வாங்கினால் முதல் பக்கத்தில் கலர் படம். பத்திரிகையையே ஒருவர் வாங்கினால் பதினோராம் பக்கத்தில் குருணை எழுத்து.

ஐம்பது வருஷமாகப் பத்திரிகை படிக்கிறேன். ஊர் முழுக்க நடக்கிற விற்பனையை எல்லாம் விலாவாரியாக எழுதுகிற பத்திரிகை, தான் விலைபோனதைத் தானே முந்திக்கொண்டு சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. கைமாறி முடிந்த பிறகு ஒரு கட்டம் கட்டிய அறிவிப்பு வரும்: ஆசிரியர் கொள்கையில் எந்த மாற்றமும் இராது. மாப்பிள்ளைதான் மாறியிருக்கிறார், தாலி அதேதான் என்பதைப் போல. ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். காரமாக எழுதிக்கொண்டிருந்தவர் 'சொந்தக் காரணங்களுக்காக' ஒதுங்கியிருப்பார். கார்ட்டூன் கோலிக்குண்டு அளவுக்குச் சுருங்கியிருக்கும். புது முதலாளி சிமென்ட் விற்பவர் என்றால் சிமென்ட் விலை ஏறிய செய்தி விலாசம் தெரியாமல் எங்கோ அலைந்துகொண்டிருக்கும்.

நான் இருப்பது காளிகாட்டில், சதானந்த ரோட்டுப் பக்கம். அப்பா கணக்கெழுத வந்தார். லேக் மார்க்கெட்டில் ஒண்டுக்குடித்தனம், டல்ஹௌசியில் ஆபீஸ், கையில் ஸ்டேட்ஸ்மன். அந்தக் காலத்துத் தமிழ் குமாஸ்தாக்களுக்கு அது பத்திரிகை இல்லை, ட்யூஷன் வாத்தியார். ஸ்டேட்ஸ்மனில் இலக்கணப் பிழை வந்துவிட்டால் அப்பா துக்க வீட்டுக்குப் போய்வந்தவர் மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்வார். பத்திரிகை யாருடையது என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கோயில் யாருடையது என்று கும்பிடுகிறவன் கேட்பானா?

நான் கேட்கப் பழகியது கோயில் வாசலில். காளி கோயிலைச் சுற்றியிருந்த சந்துகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் படம் எழுதி விற்ற 'பட்டுவா'க்கள் இருந்தார்கள். மட்டக் காகிதம், நாலு இழுப்பில் ஒரு உருவம், விலை ஒரு பைசா. காளியையும் சிவனையும் எழுதிய அதே கை, பொண்டாட்டி செருப்பால் அடிக்க மண்டியிட்டுக் கிடக்கும் பாபுவையும் எழுதியது. தாசி காலடியில் ஆட்டுக்குட்டியாய் நிற்கும் பெரிய மனிதரையும் எழுதியது. 1873இல் தாரகேஸ்வரம் மடத்து மகந்து, எலோகேசி என்ற இளம்பெண்ணைக் கெடுத்தான். புருஷன் அவளை மீன் அரியும் அரிவாளால் வெட்டிக் கொன்றான். மகந்து ஜெயிலுக்குப் போய்ச் செக்கிழுத்தான். முழுக் கதையும் சுடச்சுடப் படமாகிக் கோயில் வாசலில் விற்றது. இவர்கள் எழுதியதில் உலகப் புகழ் பெற்றது ஒரு பூனை. நெற்றியில் வைஷ்ணவ நாமம், கழுத்தில் துளசி மணி, வாயில் ஒரு முழு இறால். அவ்வளவுதான் படம். தலையங்கம் தேவையே இல்லை.

அந்தப் பட்டுவாவுக்கு முதலாளி கிடையாது. விளம்பர இலாகா கிடையாது. மகந்தைப் பகைத்துக்கொண்டால் மடத்து விளம்பரம் போய்விடுமே என்ற விசாரம் கிடையாது. ஜெர்மனியிலிருந்து வழவழவென்று அச்சுப் படங்கள் வந்து இறங்கின. பைசாப் படக்காரனின் பிழைப்பு போயிற்று. பூனையோ லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. அதன் வாரிசுகளைப் பார்க்க லண்டன் போக வேண்டாம் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்த ஊருக்குப் பத்திரிகை ஒன்றும் புதிதில்லை. 1780 ஜனவரி 29 அன்று ஜேம்ஸ் ஹிக்கி இங்கேதான் இந்தியாவின் முதல் செய்தித்தாளை வெளியிட்டான். முதலாளி, ஆசிரியர், அச்சுக்காரன், கடைசியில் கைதி எல்லாம் அவனே. வாரன் ஹேஸ்டிங்ஸையும் அவர் மனைவியையும் வம்புக்கிழுத்தான். சிறைக்குள் இருந்தும் நடத்தினான். 1782இல் அச்செழுத்துகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். எழுத்தைப் பிடுங்குவதற்குப் பதிலாக ஆளை விலைக்கு வாங்கிவிடலாமே என்ற யோசனை கவர்னர் ஜெனரலுக்கு வரவில்லை. காட்டுமிராண்டிக் காலம்.

ஸ்டேட்ஸ்மனை 1875இல் ராபர்ட் நைட் தொடங்கினார். ஸ்ரீராம்பூர் பாதிரிமார்கள் 1818இல் ஆரம்பித்த 'இந்தியாவின் நண்பன்' பத்திரிகையையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் தலைப்புக்குக் கீழே நெடுங்காலம் ஒரு வரி ஓடியது: 1818இல் பிறந்த அந்த நண்பனின் நேர் வழித்தோன்றல் என்று. பங்காளி வழக்கில் ஜமீன்தார் கொடுக்கிற வாக்குமூலம் மாதிரி இருக்கும். 1920களில் அது ஆண்ட்ரூ யூல் முதலாளிகள் கைக்குப் போயிற்று. தேயிலை, நிலக்கரி, சணல், அப்புறம் ஒரு பத்திரிகை. சரக்கோடு சரக்கு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லும்போது எனக்கே நாக்கு கசக்கிறது. 1943இல் வங்காளம் பசியால் செத்துக்கொண்டிருந்தது. பஞ்சம் என்ற சொல்லையே அச்சில் ஏற்றக்கூடாது என்றது வெள்ளை அரசு. ஸ்டேட்ஸ்மன் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் விதியைப் படித்துப் பார்த்தார். சொல்லுக்குத்தான் தடை, படத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆளனுப்பிக் கல்கத்தாத் தெருக்களைப் படம்பிடிக்கச் சொல்லி, ஆகஸ்ட் 22, ஞாயிற்றுக்கிழமை இதழில் போட்டார். நடைபாதையில் சுருண்டு கிடந்த பெண்கள், எலும்பில் தோல் போர்த்திய பிள்ளைகள். டெல்லியும் லண்டனும் மூடி வைத்திருந்த பிணத்தின் துணியை விலக்கியது ஒரு வெள்ளைக்காரன் ஆசிரியராக இருந்த, வெள்ளைக்கார முதலாளிகளின் பத்திரிகை. செத்தவர்கள் 15 லட்சமா, 30 லட்சமா என்று இன்றும் கணக்குத் தகராறு. அந்நியனின் பத்திரிகைக்கு அன்று கண் தெரிந்தது. எழுபது வருஷம் கழித்து, நம்மவனே முதலாளி, நம்மவனே ஆசிரியன், நம்மவனே மந்திரி என்று ஆன பிறகு இதே வங்காளத்து ஏழையின் மடியை அவிழ்த்தார்கள். அப்போது எந்தப் பத்திரிகைக்குக் கண் தெரிந்தது, எதற்குப் பூ விழுந்திருந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஸ்டேட்ஸ்மன் 1960களின் நடுவில் இந்தியக் கம்பெனிகளின் கூட்டணிக்குக் கைமாறியது. நானி பல்கிவாலா தலைவர். முதல் இந்திய ஆசிரியராக பிராண் சோப்ரா வந்தார். கொஞ்ச காலத்திலேயே நிர்வாகத்தோடு ஒத்துவராமல் வெளியே போனார். வெள்ளைக்காரன் போனால் ஆசிரியருக்கு அதிகாரம் வந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு அது முதல் பாடம். நெருக்கடி நிலையில் அந்தப் பத்திரிகை முதுகைக் கொஞ்சம் நிமிர்த்தித்தான் வைத்திருந்தது, மறுக்க மாட்டேன். அந்த நிமிர்விலும் தெய்வாதீனம் ஒன்று உண்டு. 1975 ஜூன் 25 இரவு டெல்லியில் பத்திரிகை ஆபீஸ்கள் நிறைந்த தெருவுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். கன்னாட் பிளேஸ் பக்கத்துக்கு வேறு இடத்திலிருந்து மின்சாரம். அதை நிறுத்த மறந்துவிட்டார்கள். அங்கிருந்த ஸ்டேட்ஸ்மனும் ஹிந்துஸ்தான் டைம்ஸும் அச்சாகி வந்துவிட்டன. பத்திரிகைச் சுதந்திரம் அன்றிரவு ஒரு ஃபியூஸ் கட்டையில் தொங்கியது. அடுத்த முறை மறக்கவில்லை, வேறு வழி பிடித்தார்கள். இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகை நிர்வாகக் குழுவின் தலைவராக, ஹிந்துஸ்தான் டைம்ஸ் முதலாளி கே.கே. பிர்லாவைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். ஒரு கடைக்காரனை அடக்க வேண்டுமா, எதிர்க்கடைக்காரனைக் கூட்டிவந்து கல்லாவில் உட்கார வை. கட்டடமும் பெயர்ப்பலகையும் அப்படியே இருக்கும்.

'சணல் பத்திரிகைகள்' என்று ஒரு வசவு இருந்தது. கிருஷ்ண மேனன் அடிக்கடி சொல்வார். ஹூக்ளிக் கரையில் சாக்கு நெய்கிறவர்களே டெல்லியில் தலையங்கமும் நெய்கிறார்கள் என்று பொருள். சாக்கு வியாபாரி பத்திரிகை நடத்தலாமா என்று கேட்பது சாதித் திமிர் மாதிரி ஒலிக்கும். அதை நான் கேட்கவில்லை. எந்தக் காசில் வாங்கினார் என்பதுதான் என் கேள்வி. 1946இல் ராமகிருஷ்ண டால்மியா டைம்ஸ் ஆஃப் இந்தியாவை வாங்கினார். தான் தலைவராயிருந்த வங்கியின் பணத்தையும் இன்சூரன்ஸ் கம்பெனியின் பணத்தையும் புரட்டி வாங்கினார். தான் செத்தால் பிள்ளைகளுக்கு ஆகும் என்று மாதாமாதம் பிரீமியம் கட்டிய குமாஸ்தாவின் காசு அது. 1955 டிசம்பரில் பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் எழுந்து டால்மியாவின் இன்சூரன்ஸ் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றினார்; மறுமாதமே ஆயுள் இன்சூரன்ஸை அரசு எடுத்துக்கொண்டது; டால்மியா சிறைக்குப் போனார்; பத்திரிகை மருமகனுக்குப் போனது. குமாஸ்தா? அவர் காலையில் காபி குடித்துக்கொண்டே அந்தப் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார். தன் பணத்தில் வாங்கிய பொருளைத் தானே மறுபடியும் தினம் தினம் விலைகொடுத்து வாங்கியவர் அவர்.

இந்த வித்தையைக் கொல்கத்தாவில் இன்னும் பெரிய மேளதாளத்தோடு ஆடிக்காட்டியது சாரதா குழுமம். பெயரைக் கவனியுங்கள். சாரதா தேவி, ராமகிருஷ்ண பரமஹம்சரின் துணைவியார், வங்காளத்துக்கே அம்மா. நெற்றியில் நாமம் என்றேனே, அது இதுதான். ஊர் ஊராக ஏஜெண்டு வைத்து ஏழைகளிடம் பணம் திரட்டினார்கள். சிட் ஃபண்டு என்று வங்காளத்தில் சொல்கிறார்கள். நம்மூரில் ஏலம் கூவிப் பிடிக்கிற சீட்டுக்கு அது அவமானம். 1990களில் தேக்குக் கன்றுக்குப் பணம் கட்டி ஏமாந்த தமிழர்களைக் கேளுங்கள், அவர்களுக்குச் சட்டென்று புரியும். நிலம், ஓட்டல், ரிசார்ட் என்று கையில் சீட்டைக் கொடுத்துப் பணத்தை வாங்குவது.

அப்படித் திரண்ட பணத்தில் அதிபர் சுதீப்த சென் பத்திரிகையாக வாங்கியும் தொடங்கியும் குவித்தார். வங்காளியில் 'சகால்பேலா', ஆங்கிலத்தில் 'பெங்கால் போஸ்ட்', உருதுவில் 'ஆசாத் ஹிந்த்', குவாஹாத்தியில் ஒன்று, சேனல் 10, தாரா சேனல்கள். லாபம் தராத தொழிலில் ஒரு மனிதன் ஏன் இப்படிக் கொட்டுகிறான் என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது பத்திரிகைக்காரன் வேலை. அவனுக்கு அங்கே புதிதாக நல்ல சம்பளத்தில் வேலை கிடைத்திருந்தது.

2011 மே 20 அன்று மம்தா பானர்ஜி முதல்வரானார். அவர் வீடு இதே காளிகாட்டில், ஹரீஷ் சாட்டர்ஜி தெருவில், ஓட்டுக்கூரை போட்டது. அந்த எளிமையைப் பார்த்து ஓட்டுப் போட்டவர்கள் எங்கள் தெருவிலேயே நிறைய. அதற்கு முந்தைய 34 வருஷம் இடதுசாரிகள் தெருமுனைப் பலகையெல்லாம் தங்கள் கட்சி நாளிதழ் 'கணசக்தி'யை ஒட்டி வைத்து எங்களுக்கு அறிவு புகட்டிக்கொண்டிருந்தார்கள். பசை காயாத அந்தப் பலகைகளிலிருந்து விடுதலை என்று நானும் மகிழ்ந்தேன். 2012 மார்ச்சில் அரசு உதவி பெறும் நூலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி எட்டே பத்திரிகைதான் வாங்கலாம். ஊரில் அதிகம் விற்கிற ஆனந்தபஜார் கிடையாது. ஆங்கிலம் ஒன்றுகூடக் கிடையாது. எட்டில் சகால்பேலா உண்டு, ஆசாத் ஹிந்த் உண்டு. கட்சிப் பத்திரிகைகளைத் தவிர்த்து வாசகர்களிடம் சுதந்திரச் சிந்தனையை வளர்ப்பதற்காக இந்த ஏற்பாடாம். இதைத் தட்டச்சு செய்த குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்திருக்காதா? கூச்சல் கிளம்பியதும் பட்டியலில் இன்னும் சிலவற்றைச் சேர்த்தார்கள். நூலகத்துக்குப் போகிற பையன் எதைப் படித்தால் சுதந்திரமாகச் சிந்திப்பான் என்று அரசாங்கம் எண்ணி எடுத்து ஊட்டியது.

அந்தப் பட்டியலையும் மாநிலங்களவை உறுப்பினர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே கல்யாணப் பத்திரிகையின் இரண்டு பக்கம் மாதிரி இருக்கும். சங்பாத் பிரதிதின் பத்திரிகையின் சிருஞ்சய் போஸ் 2011இல் மம்தாவின் திரிணமூல் கட்சி எம்.பி. ஆனார். 2012இல் உருது நாளிதழ் அக்பார்-எ-மஷ்ரிக்கின் நதிமுல் ஹக், இந்தி நாளிதழ் சன்மார்க்கின் விவேக் குப்தா, சாரதா ஊடகப் பிரிவின் தலைமை நிர்வாகி குணால் கோஷ். ஆளும் கட்சி மாநிலங்களவைக்கு ஆளனுப்பியதா, பத்திரிகை ஏஜென்சி திறந்ததா என்று தெரியவில்லை. அரசைக் கண்காணிப்பதற்காகப் பத்திரிகை. பத்திரிகையைக் கண்காணிப்பதற்காகப் பதவி. கருவாட்டுக் கூடைக்குப் பூனை காவல் என்பார்கள். இங்கே பூனைக்கு எம்.பி. சம்பளமும் உண்டு.

எங்கள் வீட்டுக்கு ஒரு அம்மா பாத்திரம் தேய்க்க வருவார். வங்காளத்தில் மாஷி என்று கூப்பிடுவார்கள். சித்தி என்று அர்த்தம். நான் அவருக்கு மேஷோ, அதாவது சித்தப்பா. உறவுமுறை வைத்துக் கூப்பிட்டால் சம்பள உயர்வு கேட்கக் கூச்சப்படுவார்கள் என்று பெரியவர்கள் செய்த ஏற்பாடு. விடியும் முன் கானிங் லோக்கலைப் பிடித்து, பாலிகஞ்சில் இறங்கி, நாலு வீடு முடித்துவிட்டு மதியம் அதே ரயிலில் திரும்புவார். அவர் கிராமத்தில் ஒரு பையன் ஏஜெண்டு. அந்தம்மா பணம் கட்டிய கம்பெனி வேறு, பெயர் வேண்டாம்; அந்த வருஷங்களில் மழைக்காலத்துக் காளான் மாதிரி தெருவுக்கு நாலு கம்பெனி. நாளைக்கு இருபது ரூபாய். பாஸ்புத்தகத்தைச் சாமி படம் போட்ட பிளாஸ்டிக் உறையில் வைத்து, முந்தானையில் முடிந்து வைத்திருப்பார்.

"போஸ்ட் ஆபீசில் போடக்கூடாதா?" என்றேன் ஒருநாள்.

"போஸ்ட் ஆபீஸ் பாபு வீட்டு வாசலுக்கு வருவாரா, மேஷோ? இந்தப் பையன் வரான். அதோட காகோஜ்ல போட்டிருக்கே."

காகோஜ் என்றால் செய்தித்தாள். அந்தம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஏஜெண்டுப் பையன் பையில் ஒரு வெட்டி எடுத்த பக்கம் வைத்திருந்தான். அதில் கம்பெனி முதலாளி மேடையில் நிற்கிறார், பக்கத்தில் ஒரு மந்திரி சிரிக்கிறார். மந்திரியை அந்தம்மாவுக்கு அடையாளம் தெரியும். அவ்வளவு போதும். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, பணம் திரட்டுகிற கம்பெனி பத்திரிகை வாங்குவது படிக்கிறவனுக்காக இல்லை என்று. எழுத்தே தெரியாதவருக்கான ஜாமீன் பத்திரம் அது. 'பேப்பரில் வந்திருக்கு' என்ற பல தலைமுறை நம்பிக்கையை, ஹிக்கி ஜெயிலுக்குப் போய் ஈட்டிக் கொடுத்ததை, ஸ்டீபன்ஸ் பிணங்களைக் காட்டி ஈட்டிக் கொடுத்ததை, ஒருத்தன் மொத்த விலைக்கு வாங்கி, சில்லறையாக இருபது இருபது ரூபாய்க்கு விற்றான்.

சாரதா விஷயத்தைச் சட்டப்படி யோசித்துப் பாருங்கள். எந்தக் காசில் சகால்பேலாவை நடத்தினார்கள்? வீட்டு வேலை செய்கிறவர்கள், ரிக்‌ஷா இழுக்கிறவர்கள், சுந்தரவனத்தில் நண்டு பிடிக்கிறவர்கள் கட்டிய காசில். அப்படியானால் படிவம் 4இல் யார் பெயர் வந்திருக்க வேண்டும்? கொல்கத்தாவில் பத்திரிகைகளின் உண்மையான முதலாளிகள் விடியற்காலை லோக்கலில் தரையில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பத்திரிகையே அவர்களைக் கொள்ளையடித்தவனுக்கு மாலை போட்டது. கொல்கத்தா போலீஸுக்கு அவன் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். காட்டுப்பகுதிக்கு ஆம்புலன்ஸ் கொடுத்தான். அதுவும் அவர்கள் காசுதான். திருடனைத் துரத்துவதற்குத் திருடனே வாங்கிக் கொடுத்த வண்டி, பெட்ரோல் பறிகொடுத்தவன் செலவு.

2013 ஏப்ரலில் எல்லாம் சரிந்தது. சென் சி.பி.ஐ.க்கு நீளமாக ஒரு கடிதம் எழுதிவைத்துவிட்டு ஓடினார். அரசியல்வாதிகள் மிரட்டிப் பணம் பறித்தார்கள், நஷ்டத்தில் ஓடிய ஊடகங்களைத் தன் தலையில் கட்டினார்கள் என்று அதில் புலம்பியிருந்தார். ஏப்ரல் 23 அன்று காஷ்மீரில் சோன்மார்க்கில் பிடிபட்டார். பனிமலை, குளிர்காற்று. வங்காளத்தில் ஏஜெண்டுகளின் வீட்டை ஜனங்கள் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அடிபட்டவர்கள் பெரும்பாலும் சொந்தச் சித்தப்பன், மாமன், அடுத்த வீட்டுப் பையன். நீதிபதி சியாமல் சென் கமிஷனில் மனுக் கொடுத்தவர்கள் மட்டும் 17 லட்சத்துக்கு மேல். முதல்வர் 500 கோடி ரூபாய் நிவாரண நிதி அறிவித்தார். பணம் எங்கிருந்து? சிகரெட்டுக்குக் கூடுதல் வரி. கொஞ்சம் கூடுதலாகப் புகைத்தால் நிதி சீக்கிரம் சேரும் என்றும் வேடிக்கையாகச் சொன்னார். பணத்தைப் பறிகொடுத்தவன் நுரையீரலையும் கொடுத்து மீட்டுக்கொள்ளட்டும் என்ற கருணை. வேலை போன பத்திரிகைக்காரர்கள் தெருவில் நின்றார்கள். தாரா சேனல்களை அரசே எடுத்து நடத்தும் என்று அறிவிப்பு வந்தது. சீட்டுக்காரனிடமிருந்து நேரே சர்க்காருக்கு. இடையில் ஒரு நாளாவது அது செய்தி சேனலாக இருந்ததா என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த நவம்பரில் குணால் கோஷ் கைதானார். அதற்குப் பிறகு நடந்ததை எந்தப் பட்டுவாவும் கற்பனை செய்திருக்க மாட்டான். கோர்ட்டுக்குக் கூட்டிவரும்போது அவர் நிருபர்களைப் பார்த்துக் கத்திப் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். அது யார் காதிலும் விழாமல் இருக்கப் போலீஸ்காரர்கள் 'ஹோ' என்று கூவிக்கொண்டு வேனைத் தட்டினார்கள், துர்க்கா பூஜைக்கு 'டாக்' மேளம் அடிக்கிற மாதிரி. பத்து வருஷம் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டியதைப் பேசாத ஒரு பத்திரிகைக்காரர், முதல்முறையாகச் செய்தி சொல்ல வாயைத் திறந்தபோது அதைத் தகரச் சத்தம் மூடியது. இதில் எனக்கு அனுதாபம் வருமுன்பே அவர் அதே கட்சிக்குத் திரும்பி, 2021இல் அதன் மாநிலப் பொதுச் செயலாளர் ஆகிவிட்டார். இப்போது அவர் பேசினால் யாரும் தகரம் தட்டுவதில்லை.

பூனை எழுதியவனை மகந்துகூட ஒன்றும் செய்யவில்லை. 2012 ஏப்ரலில், அந்த நூலகச் சுற்றறிக்கையின் ஈரம் காயுமுன், ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மஹாபாத்ராவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. முதல்வரைக் கேலி செய்யும் ஒரு படத்தை மின்னஞ்சலில் சிலருக்கு அனுப்பினார் என்பது குற்றம். அவர் வரையக்கூட இல்லை, வந்ததை அனுப்பினார். வழக்கிலிருந்து முழுதாகக் கழன்று வர 2023 ஜனவரி ஆயிற்று. ஏறக்குறையப் பதினோரு வருஷம்! மகந்து செக்கிழுத்ததே இதைவிடக் குறைவு.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் உதட்டைப் பிதுக்க வேண்டாம். கட்சிக்கு ஒரு நாளிதழ், குடும்பத்துக்கு ஒரு சேனல் என்று இந்தியாவுக்கே கற்றுக்கொடுத்தவர்கள் நாம். கே.பி. கந்தசாமி தொடங்கிய தினகரன் 2005இல் சன் குழுமத்துக்குக் கைமாறியது. 2007 மே 9 அன்று, கட்சித் தலைவருக்குப் பிறகு யார் என்று ஒரு கருத்துக்கணிப்பு போட்டதற்கு மதுரை ஆபீஸ் எரிந்தது. மூன்று ஊழியர்கள் செத்தார்கள். முதலாளி குடும்பத்துப் பங்காளிச் சண்டையில் கருத்துக்கணிப்பைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லாத மூன்று பேர். பிறகு கண்கள் பனித்தன, இதயம் இனித்தது, குடும்பம் ஒன்று சேர்ந்தது. மூவர் வீட்டிலும் கண்கள் வேறு காரணத்துக்குப் பனித்திருந்தன.

இப்போது வந்திருப்பவர்கள் சணல்காரர்களையும் சீட்டுக்காரர்களையும் குழந்தைகளாக்கிவிட்டார்கள். 2022இல் அதானி குழுமம் என்.டி.டி.வி.யை எடுத்த விதம் நேர்த்தி: பல வருஷத்துக்கு முன் வாங்கிய கடன் பத்திரம் ஒன்று பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது; கடன் கொடுத்த கம்பெனியை வாங்கினால் கடனும் வந்துவிடுகிறது, கடனோடு பங்கும் வந்துவிடுகிறது. வட்டிக்கடைச் செட்டியார் பார்த்திருந்தால் எழுந்து நின்று கும்பிட்டிருப்பார். அந்தச் சமயத்தில் ஒரு பேட்டியில் அதானி சுதந்திரத்துக்கு இலக்கணம் சொன்னார். அரசு தவறு செய்தால் தவறு என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் அரசு தினமும் நல்லது செய்யும்போது அதைச் சொல்லவும் துணிச்சல் வேண்டுமாம். ஆகா! இத்தனை காலம் இது எனக்குத் தோன்றவில்லையே. திட்டுவதற்கு எந்தக் கோழைக்கும் வாய் வரும். ஆட்சியில் இருப்பவரை, அதுவும் முகத்துக்கு நேரே, அதுவும் தினமும் புகழ்வதற்கு அல்லவா நெஞ்சுரம் வேண்டும்! அந்த வகையில் நம் நாட்டில் இன்று வீரர்களுக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் என்ற சொல்லை இங்கே போடலாம், தடை இல்லை.

நம்மூரில் கிடா வெட்டுமுன் மஞ்சத்தண்ணி தெளிப்பார்கள். குளிருக்கு ஆடு உடம்பை உதறும். உத்தரவு வந்துவிட்டது என்பார்கள். மாதம் பிறந்தால் பேப்பர்காரப் பையன் பில்லை நீட்டுகிறான், நானும் தலையை ஆட்டுகிறேன்.

இந்த வருஷமும் மார்ச் முதல் வாரம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு பத்திரிகையின் படிவத்தில் பங்குதாரர் என்று மூன்று கம்பெனிப் பெயர்கள். இந்தக் கம்பெனிகளுக்கு யார் முதலாளி என்று தேடினால் இன்னும் நாலு கம்பெனி. வெங்காயம் உரிக்கிற கதை. மாஷி மேசையைத் துடைக்க வந்தார். அவருடைய கம்பெனி மூழ்கிப் பல வருஷமாகிறது; பதினெட்டாயிரம் ரூபாய். ஏஜெண்டுப் பையன் கேரளாவில் கொத்தனார் வேலைக்குப் போய்விட்டான். பாஸ்புத்தகம் இன்னும் அந்தச் சாமி உறையில்தான் இருக்கிறது.

"பழசா மேஷோ, எடுத்துக்கலாமா? அலமாரில விரிக்கணும்."

எடுத்துக்கொள்ளச் சொன்னேன். சமையலறையில் தகர டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கிவைத்துவிட்டுத் தாளை உதறி விரித்தார். விரித்ததைப் பார்த்துவிட்டு, எடுத்துத் திருப்பிப் போட்டார். அச்சு நெருக்கமாக இருந்த பக்கம் கீழே போயிற்று. மேலே முழுப்பக்க விளம்பரம், பாதிக்கு மேல் வெறும் வெள்ளை.

"எழுத்துப் பக்கம் மேல இருந்தா பொரியில மை ஒட்டிக்கும்" என்றார்.